கூரை முடியட்டும் என்று இருந்துவிட்டேன்

அன்புள்ள மகன் நிப்ராஸ்,

அல்லாஹ்வின் சாந்தி உன் மீதும், அந்த ஒற்றை அறையில் உன்னோடு படுத்தெழும்பும் மற்ற மூன்று பேர் மீதும் இறங்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை நீ கத்தாரிலிருந்து போனில் கதைத்தபோது, ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டப் போகிறேன் என்று சொன்னாய். அக்கரைப்பற்றில் உன் மனைவியின் வளவுக்குப் பக்கத்திலேயே ஒரு துண்டுக் காணி பார்த்திருக்கிறாய். அதில் ஹனாவுக்கு இப்போதே ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போட வேண்டும் என்றாய். ஹனாவுக்கு இரண்டு வயது. "நல்லம் மகன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகுதான், அது என் மனதிலிருந்து வந்த பேச்சில்லை என்று தெரிந்தது. உனக்குத் தெரியும், எனக்குக் கதைக்க வராது. முப்பது வருடம் மின்சார மீட்டர் பார்க்கிற உத்தியோகம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று இலக்கத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவேன். எதையும் எழுதித்தான் எனக்குப் பழக்கம். அதனால் இதையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும். வேலை இல்லாத நாளில் இருந்து வாசி.

நம் பக்கத்தில் வீடு என்பது பெண்ணுடையது. இருபத்து நான்கு வயதில் ஒரு சூட்கேசோடு நான் நிந்தவூருக்கு உன் உம்மாவின் வீட்டுக்குப் போனேன். அதே வீடு பிறகு உன் ராத்தா ரிஸ்னாவுக்குப் போனது. உன் உம்மாவும் நானும் பின்பக்க அறைக்கு மாறினோம். உம்மா மௌத்தான பிறகு அந்த அறையில் நான் மட்டும் இருந்தேன். ரிஸ்னாவோ மருமகனோ எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் காலையில் குளியலறைக்கு எப்போது போகலாம் என்று கதவுச் சத்தத்தைக் கேட்டுக் காத்திருக்கும் ஆளாகிவிட்டேன். டீவி பார்க்க முன்பக்கம் வந்தால் மருமகன் எழும்பி நாற்காலியைத் தருவார். அந்த மரியாதையே எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நாளில் முன்பக்கம் வருவதை விட்டுவிட்டேன்.

நீ லீவில் வந்தபோது சஜீனாவைப் பற்றிக் கேட்டதும் அந்தப் பின்பக்க அறையில்தான். மருதமுனை மருந்துக் கடையில் வேலை செய்கிற பிள்ளை. சுனாமிக் கடல் வந்த வருடம் தாயையும் வீட்டையும் இழந்து, தாயின் தங்கையான சாச்சியோடு வீட்டுத் திட்டத்தில் வளர்ந்தவள். அந்த வீடு சாச்சியின் மகளுக்கு. இவளுக்கு என்று ஒரு கல்லும் இல்லை. நீ போனில் அவள் படத்தைக் காட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, "வாப்பா, நீங்க ஒருக்காப் போய்க் கேட்டுப் பாருங்களன்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "கலியாணம் முடிச்சி எங்க படுப்பாய்? மருந்துக் கடையிலயா?" என்றேன். இன்னும் பன்னிரண்டு நாள் லீவு இருந்தும் மூன்றாம் நாளே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு உன் போன் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மட்டும் வந்தது. சுகமா, சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா. அவ்வளவுதான்.

அடுத்த வருடம் கொரோனா வந்தது. மருதமுனையின் கடைசி ஒழுங்கையில், பாண்டிருப்பு தொடங்குகிற இடத்தில், என் தங்கை, உன் மாமியின் பெயரில் இருந்த எங்கள் பழைய வீட்டைப் பார்க்க அப்போது போயிருந்தேன். மாமி கொழும்போடு குடியேறிவிட்டாள். வாடகைக்கு இருந்தவர்களும் போய் ஏழெட்டு வருடம். கூரை இறங்குகிறது, ஒரு மேசனைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள் என்று மாமி கேட்டிருந்தாள். இரண்டு நாளைக்கு என்று ஒரு சாரமும் இரண்டு சேர்ட்டும் எடுத்துக்கொண்டு போனேன். அன்று பின்னேரம் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள்.

உங்களிடம் எல்லாம் நான் அங்கே அகப்பட்டுக்கொண்டேன் என்றுதான் சொன்னேன். அது பொய். நாலாம் நாள் ஊரடங்கை எடுத்த நேரத்தில் மருமகன் மோட்டார் சைக்கிளில் வரத் தயாராக இருந்தார். ரிஸ்னா போனில் அழுதாள். "இங்க வேல கிடக்கு மகள், கூரைய இப்பிடி உட்டுட்டு வர ஏலாது" என்றேன். வேலை ஒன்றும் தொடங்கியிருக்கவில்லை. வந்த மறுநாள் காலையில், யாருடைய சத்தத்துக்கும் காத்திராமல் எழும்பிக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். அந்த ஒரு காரியத்துக்காக அங்கே நின்றுவிட்டேன். இதை ரிஸ்னாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

வீடு என்று பெயர்தான். கூரையைத் தாங்குகிற தீராந்தி மரத்தைக் கறையான் பாதி தின்றிருந்தது. சுவரின் கீழ்ப்பாதியில் கடல் உப்பு ஏறி, கையை வைத்தால் சாந்து மாவாகக் கொட்டியது. மேசன் வர முடியாது. அவர் சாய்ந்தமருதில் அடைபட்டிருந்தார். வீடியோவில் கூப்பிட்டு, போனைச் சுவருக்கு நேரே பிடிக்கச் சொல்லி, அங்கிருந்தே எனக்குப் பாடம் எடுத்தார். "மாமா, சாந்துக்குத் தண்ணி கூடிட்டு. அது சுவருல நிக்காது, உங்கட தலையிலதான் நிக்கும்." அப்படியே நடந்தது. முதல் சுவரை மூன்று தடவை பூசினேன். நாலாம் தடவை நின்றது. கோணலாகத்தான் நின்றது, ஆனாலும் நின்றது. அன்று அதை யாருக்காவது காட்ட வேண்டும் போல் இருந்தது. ஒழுங்கையில் நாயைத் தவிர ஒருவரும் இல்லை. போனில் படம் எடுத்தேன். உனக்கு அனுப்ப நினைத்தேன். நீ ஒரு கட்டை விரல் அடையாளத்தைப் போட்டு விட்டுவிடுவாய் என்ற பயத்தில் அனுப்பவில்லை.

தோட்டம் போட்டது ஆசையில் இல்லை. மரக்கறி லொறி வாரத்துக்கு ஒரு தடவைதான் வந்தது. அதுவும் பிரதான வீதியோடு போய்விடும். வளவு முழுக்கக் கடல் மணல். தக்காளி விதை போட்டேன், முளைத்துக் கருகியது. மிளகாயும் அப்படித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் பாண்டிருப்பில் பூமணி என்று ஒரு பெண் இருக்கிறா. என்னைவிட ஐந்தாறு வயது இளமை. புருஷன் கடலோடு போனவர். மீன் வாங்கிக் காயவைத்து விற்று இரண்டு பெண் பிள்ளைகளைக் கரை சேர்த்தவ. நான் மணலைக் கிண்டுவதை நாலு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஐந்தாம் நாள் கதைத்தா. நம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் அவவும் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிட்டா.

"என்ன காக்கா, மணலுக்குள்ள காசா தேடுறீங்க?"

"தக்காளி போட்டன். வருகுதில்ல."

"எப்பிடி வரும்? பசிச்ச மண்ணு. முதல்ல அதுக்குச் சாப்பாடு போடுங்க. கிடங்கு வெட்டி இலை குழையெல்லாம் நிரப்பி மூடுங்க. நான் மீன் கழுவுற தண்ணி தாறன், ஊத்துங்க. மறுகா வெண்டியப் போடுங்க. அதுதான் ஏழை எளியதுகளோட கோவிக்காது."

ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு வாளி மீன் தண்ணீர் வேலியோரம் இருக்கும். நான் அதை ஊற்றிவிட்டு வாளியைக் கழுவி அதே இடத்தில் வைப்பேன். வெண்டி முளைத்தது. பிறகு பயற்றை, கத்தரி, பூசணி. அந்த வாளி இல்லாத நாளில் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பேன், ஆள் சுகமாக இருக்கிறாவா என்று. ஒரு நாள் முழுவதற்கும் எனக்கு இருந்த மனிதப் பேச்சு அந்த வேலியடியில் கதைத்த நாலு வார்த்தைதான்.

நோன்பு வந்தது. பள்ளியில் பாங்கு சொல்லி, வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். பள்ளிக் கஞ்சி இல்லை. தனி ஆளுக்குக் கஞ்சி காய்ச்சுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு கொஞ்சமாக அரிசி போட்டாலும் நாலு பேருக்கு வந்துவிடுகிறது. பெருநாள் காலையில் குளித்து, கழுவிப் போட்ட சாரத்தை உடுத்தி, பூசி முடித்த அறைக்குள் தனியே நின்று தொழுதேன். ஸலாம் கொடுத்துத் திரும்பினால் வலது பக்கமும் சுவர், இடது பக்கமும் சுவர். கட்டிப்பிடித்து, கைகொடுத்து முஸாபஹா செய்ய ஆள் இல்லை. வெளியே வந்து கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். நீ வீடியோவில் வந்தாய். "ஆக்கள் வந்து போறாங்க மகன், ஒரே சத்தம்" என்றேன். நீ சத்தம் கேட்கவில்லையே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன்.

பெருநாள் கழிந்து ஒரு வாரத்தில் கூரையிலிருந்து கழற்றிப் போட்ட சிலாகைச் சட்டம் ஒன்றை மிதித்தேன். துருப்பிடித்த ஆணி செருப்பையும் தாண்டிக் காலுக்குள் போனது. மஞ்சளை வைத்துத் துணியைச் சுற்றிவிட்டு வேலையைப் பார்த்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல். அந்த நேரத்தில் காய்ச்சல் என்றால் எங்களுக்கெல்லாம் ஒரே ஒரு பயம்தான். உனக்கு நினைவிருக்கும். நோயைவிட அதற்குப் பிறகு நடப்பதற்குத்தான் பயந்தோம். கூட்டிக்கொண்டு போவார்கள், மௌத்தானால் அடக்கத் தர மாட்டார்கள், எரிப்பார்கள். உன் உம்மாவின் கபுறுக்குப் பக்கத்தில் எனக்கென்று நினைத்து வைத்திருந்த இடம் கண்ணுக்குள் வந்தது. கதவை உள்ளே பூட்டிவிட்டுப் படுத்தேன். போனையும் அணைத்தேன். யாருக்கும் தெரியாமல் கிடந்து பிழைத்தால் பிழைப்போம், இல்லையென்றால் இந்த வீட்டுக்குள்ளேயே போவோம் என்று நினைத்தேன். எவ்வளவு முட்டாள்தனம் என்று இப்போது விளங்குகிறது. அப்போது அதுதான் சரியாகப் பட்டது.

பூமணி கண்டுபிடித்தது வெண்டியைப் பார்த்து. இரண்டு நாள் பறிக்காவிட்டால் வெண்டி விரல் நீளம் தாண்டி முற்றிவிடும். வேலியடியில் நின்று கூப்பிட்டிருக்கிறா. பதில் இல்லை. வேலியின் கம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து ஜன்னலில் தட்டினா.

"காக்கா, கதவத் திறங்க."

"கிட்ட வராத பூமணி. எனக்குக் காய்ச்சல்."

"அதத்தான் கேக்கிறன், திறங்க. இல்லாட்டி உங்கட புதுச் சுவர இடிச்சிக்கிட்டு வருவன்."

நான் திறக்கவில்லை. அவ போய் மருந்துக் கடைக்கு போன் பண்ணினா. கடையிலிருந்து ஊரடங்குப் பாஸ் வைத்துக்கொண்டு வீடு வீடாக மருந்து கொடுத்துத் திரிந்த பிள்ளை ஒரு மணித்தியாலத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கியது. முகத்தில் மாஸ்க். கண் மட்டும் தெரிந்தது. நான் ஜன்னலால் பார்த்து யாரென்று தெரியாமல், "மகள், ஒருத்தருக்கும் சொல்லிராத" என்று கெஞ்சினேன்.

"மாமா, காலைக் காட்டுங்க" என்றது அந்தப் பிள்ளை. நான் ஜன்னலடிக்கு நொண்டி வந்ததைப் பார்த்திருக்கிறது. கதவைத் திறந்துவிட்டுக் கட்டிலில் இருந்தேன். துணியை அவிழ்த்ததும் வந்த மணம் எனக்கே தாங்கவில்லை. "இது கொரோனா இல்ல மாமா. காலுல சீழ் வெச்சிரிக்கி. இன்னும் ரெண்டு நாள் இப்பிடிக் கிடந்தா காலயே எடுக்கிறத்துக்கு வந்திரும். ஊசி போடணும், வாங்க." கையைப் பிடித்து எழுப்பியபோதுதான் அருகில் கண்ணைப் பார்த்தேன். சஜீனா.

அவளுக்கு நான் யார் என்று வாசலில் வரும்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் உள்ளே வந்தாள். த்ரீவீலில் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள், வரிசையில் நின்றாள், ஊசி போட்டு முடியும் மட்டும் வெளியே இருந்தாள். பிறகு பதினொரு நாள், காலையில் கடைக்குப் போகும் வழியில் வந்து புண்ணைக் கழுவிக் கட்டினாள். நான் அவளைப் பற்றிச் சொன்ன பேச்சு அவள் காதுக்கும் போயிருக்கும். ஊர் சின்னது. ஆனால் ஒரு நாளும் அதைக் காட்டவில்லை. நான்தான் ஒவ்வொரு நாளும் அவள் குனிந்து கட்டுப் போடும்போது, இன்றைக்கு மாப்புக் கேட்போம் என்று தொண்டை வரைக்கும் கொண்டுவந்து விழுங்கினேன்.

கடைசி நாள், கையைக் கழுவிவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வெள்ளை அடித்த முன்னறை, புதுக் கதவு நிலை, கழற்றிக் கிடந்த கூரை.

"நல்லா வந்திரிக்கி மாமா. ஆருக்கு இந்த வீடு?"

"பாப்பம்" என்றேன்.

ஸ்கூட்டியில் ஏறிய பிறகு, திரும்பாமல் கேட்டாள். "அவர் சுகமா இரிக்காரா?"

"ஓம்" என்றேன்.

அன்று பின்னேரமே மாமிக்கு போன் எடுத்து, இந்த வீட்டை எனக்குத் தருவாயா என்று கேட்டேன். பிறந்த நாளிலிருந்து நான் அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை. "எடுங்க காக்கா. எனக்கும் புள்ளைகளுக்கும் கொழும்புதான்" என்றாள். அன்றிரவு எனக்கு நல்ல நித்திரை. என் மகனுக்கு நான் வீடு கொடுப்பேன், அந்தப் பிள்ளை வெறுங்கையோடு வரட்டும், ஊர் என்ன கதைத்தாலும் கதைக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

மகன், இனிச் சொல்வதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதக் கஷ்டமானது. முடிவு செய்த அன்றே உனக்கு போன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. கூரை இல்லாத வீட்டைக் காட்டிப் பெண் கேட்பதா, கூரை முடியட்டும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். ஓடு கிடைக்கவில்லை. ஓடு வந்தபோது மரம் இல்லை. மரம் வந்தபோது குளியலறையையும் முடித்துவிடுவோம் என்று நினைத்தேன். உண்மைக் காரணம் வேறு. நான் சொன்னது பிழை என்று என் வாயால் உன்னிடம் சொல்ல எனக்கு மனமில்லை. முடிந்த வீட்டைக் காட்டினால் அந்த வார்த்தையைச் சொல்லாமலே தப்பலாம் என்று பார்த்தேன். அப்படி ஐந்து மாதம் போனது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நீ எடுத்தாய். சுகமா, சாப்பிட்டீங்களா. நானும் சுகம் என்றேன்.

மாரி மழைக்கு முன் கூரை முடிந்தது. கொரோனா கூடி ஊரை மறுபடியும் மூடிவிட்டார்கள். குளியலறைக்குக் கதவு போடுவது மட்டும்தான் மிச்சம். ஒரு காலையில் பூமணி வேலியடிக்கு வந்தா.

"காக்கா, கத்தரிக்காய் கொஞ்சம் கிடக்கா? அந்த மருந்துக் கடைப் புள்ளைக்கு நாளைக்குக் கலியாணமாம். பத்துப் பேர்தானாம். சந்தையும் பூட்டு, சமைக்க ஒண்டுமில்லயாம்."

"ஆரு மாப்பிள்ள?" என்று எப்படியோ கேட்டேன்.

"த்ரீவீல் ஓடுற பொடியன். அவனுக்கும் ஒண்டுமில்ல. கடைக்குப் பின்னால ஒரு அறைய வாடகைக்கு எடுத்திரிக்காங்களாம். ரெண்டு பேரும் உழைச்சிச் சாப்பிடப் போறாங்களாம்."

நான் கத்தரிப் பாத்திக்குள் இறங்கினேன். பிஞ்சு, முற்றல் ஒன்றும் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் பறித்தேன். பயற்றங்காயும் பறித்தேன். விதைக்கு விட்டிருந்த பெரிய பூசணியையும் வெட்டினேன். மூன்று பை. வேலிக்கு மேலால் தூக்கிக் கொடுத்தபோது பூமணி, "இவ்வளவும் எதுக்கு காக்கா, பத்துப் பேர்தானே" என்றா. "கொண்டு போ" என்றேன். அவ என் முகத்தைப் பார்த்தா. பிறகு பைகளைத் தூக்கிக்கொண்டு போனா. கடைக்குப் பின்னால் ஒரு வாடகை அறை. அது போதும் என்று ஒருவன் நினைத்திருக்கிறான், அவளும் நினைத்திருக்கிறாள். நான் ஒருவன்தான் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் நீ எடுத்தபோது கூரை முடிந்துவிட்டது என்று சொன்னேன். "மாஷா அல்லாஹ். ஆருக்கு வாப்பா?" என்றாய். "சும்மாதான்" என்றேன்.

இரண்டு வருடத்தில் உனக்கும் கலியாணமானது. அல்லாஹ் உனக்கு நல்லதொரு மனைவியைத் தந்தான். நான் அக்கரைப்பற்றுக்குப் போனால் அவள் என் செருப்பைக்கூட வெயிலில் விடமாட்டாள். இதை அவளுக்கு வாசித்துக் காட்டினாலும் எனக்குச் சங்கடமில்லை. நடந்தது அல்லாஹ்வின் நாட்டம், சஜீனாவும் புருஷன், ஆண் குழந்தை ஒன்றோடு சந்தோசமாக இருக்கிறாள். பழையதைக் கிளற நான் எழுதவில்லை. நீ என்னிடம் ஒன்றைக் கேட்டாய், நான் மூர்க்கமாக மறுத்தேன், பிழை என்று விளங்கிய பிறகும் ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு மாப்புக் கேட்கிறேன். என்னை மன்னித்துக்கொள் மகன். இதை எழுதுவதற்கு இவ்வளவு வருடம் பிடித்தது.

நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். நல்ல கூரை, நல்ல கிணறு. இரண்டு அறை சும்மா கிடக்கிறது, கூட்டித் துடைத்து வைக்கிறேன். ரிஸ்னா மாதத்தில் ஒரு தடவை வருவாள், மரக்கறி எடுத்துக்கொண்டு பின்னேரம் போய்விடுவாள். பூமணியும் இப்போது மகளோடு மட்டக்களப்புக்குப் போய்விட்டா. போகும்போது அந்த மீன் வாளியை எனக்கே தந்துவிட்டுப் போனா. வீடு முடிந்தால் தனிமை போய்விடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

நீ வெள்ளிக்கிழமை அத்திவாரம் என்று சொன்னபோது, உன் குரலில் என் குரலைக் கேட்டேன். வீடு முடியட்டும், பிறகு வருகிறேன். ஹனாவுக்கு வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. இந்த ஊரில் பெண் பிள்ளை பெற்றவனுக்கு அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அவளுக்கு இருபது வருடம் இருக்கிறது. மெதுவாகக் கட்டலாம், இங்கிருந்து கட்டலாம், கோணலாகக் கட்டினாலும் நிற்கும். இந்த வருடத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வந்துவிடு. இங்கே உன்னைப் போல் ஏசி திருத்துகிறவர்களுக்கு வேலை இல்லாமல் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பை வெண்டிக்காயோடு அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தேன். ஹனா என் மடியில் இருந்தாள். என் சட்டைப் பையில் இருந்த போன் அடித்தது. ஏதோ கம்பனி விளம்பரம். பிள்ளை துள்ளி எழும்பி, பையைத் தடவி, "வாப்பா, வாப்பா" என்றாள். நான் எடுத்துக் காதில் வைத்து, வாப்பா இல்லை மகள் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. போனைப் பிடுங்கி முத்தம் கொடுத்தாள். உன் மனைவி சிரித்துக்கொண்டு சொன்னாள்: "எல்லா போனையும் அப்பிடித்தான் கூப்பிடுவாள் மாமா. அவள் வாப்பா எண்டு நினைச்சிக்கிட்டிரிக்கிறது போனத்தான்."

வந்துவிடு மகன்.

உன் வாப்பா